சளியில் சிவப்புக் கோல்கள், ஆனால் காசநோய் இல்லை

நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் அங்கே லயத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டிய வயது, ஒடிசலான உடம்பு. ஏழெட்டு மாதமாக இருமல். முதலில் பனி என்றார்கள், பிறகு அடுப்புப் புகை என்றார்கள். டிஸ்பென்சரியில் கொடுத்த மருந்துக்கு ஒரு கிழமை அடங்கும், மறுகிழமை திரும்பிவிடும். கடைசியில் மகன் டிக்கோயா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகிறார். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பு நிறத்தில் மெல்லிய கோல்கள். காசநோய் என்று சொல்ல வைக்கும் அடையாளம் அது. ஆனால் அதே சளியை ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரத்தில் போட்டால் காசக்கிருமி இல்லை என்று பதில் வருகிறது.

ஒரே சளி, இரண்டு விடை. எது பிழை?

பெரும்பாலும் இரண்டுமே சரி. நுண்ணோக்கிக்கும் இயந்திரத்துக்கும் நாம் கேட்டது வேறு வேறு கேள்வி. அதைப் புரிந்துகொள்ள அந்தச் சிவப்புச் சாயத்திலிருந்து தொடங்க வேண்டும்.

காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டதாக ரொபர்ட் கொக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்தது கிருமியைச் சாயமேற்றுவதுதான். மற்றக் கிருமிகள் சட்டென்று சாயத்தை உறிஞ்சும், இது உறிஞ்சாது. இதன் உறையில் மெழுகுபோன்ற கொழுப்பு நிறைந்திருக்கிறது. மழை நாளில் மலைக்கு ஏறும் பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கைப்போல அது வேலை செய்கிறது: வெளியிலிருப்பதை உள்ளே விடாது, உள்ளே போனதை எளிதில் வெளியேவும் விடாது. எனவே சாயத்தைச் சூடாக்கி வலுக்கட்டாயமாக ஏற்ற வேண்டும். ஏறிவிட்டால் அமிலம் ஊற்றிக் கழுவினாலும் போகாது. சளியிலுள்ள மற்றதெல்லாம் வெளுத்துவிட, இது மட்டும் சிவப்பாக நிற்கும். சீல், நீல்சன் என்ற இரு ஜெர்மானியர்கள் செம்மைப்படுத்திய இந்த முறை இன்றும் உலகெங்கும் நடக்கிறது.

ஆனால் அந்த மெழுகு உறை காசக்கிருமிக்கு மட்டும் உரியதல்ல. மைக்கோபாக்டீரியா என்ற குடும்பம் முழுவதற்கும் உண்டு. இதுவரை ஏறத்தாழ 200 இனங்கள் இனங்காணப்பட்டுள்ளன. அவற்றில் காசநோயைத் தருபவையும் தொழுநோயைத் தருபவையும் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றி வாழ்கின்றன. மிச்சமெல்லாம் மண்ணிலும் ஓடையிலும் குழாய் நீரிலும் தூசியிலும் தம்பாட்டுக்கு இருப்பவை. காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா என்பது இவற்றுக்கு மருத்துவம் வைத்த பெயர். இங்கே சூழல் மைக்கோபாக்டீரியா என்று சுருக்கிக்கொள்வோம். நுண்ணோக்கி பார்ப்பது உறையை. காசக்கிருமியா, அதன் தூரத்து உறவா என்று அதற்குத் தெரியாது. ஜீன்எக்ஸ்பர்ட் தேடுவதோ காசக்கிருமிக் கூட்டத்துக்கே உரிய ஒரு மரபணுத் துண்டை. அது இல்லையென்றால் இல்லை என்றுதான் சொல்லும். கோல்கள் நிறையத் தெரிந்தும் இயந்திரம் இல்லை என்றால், வைத்தியருக்கு முதலில் தோன்ற வேண்டிய சந்தேகம் இந்தச் சூழல் கிருமிகள்.

நோயாளியின் உடம்பில் இது எப்படித் தெரியும்? இங்கேதான் சிக்கல். இந்த நோய்க்கென்று தனி அறிகுறி ஒன்றுகூட இல்லை.

மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், நீளும் இருமல். பெரும்பாலும் சளியோடு, சிலருக்கு வறட்டு இருமலாகவும் இருக்கும். படி ஏறினால் மூச்சு வாங்குதல். சாப்பாட்டில் விருப்பம் குறைதல், மெதுவாக இளைத்தல். சில நேரம் லேசான காய்ச்சல், இரவு வியர்வை. சளியில் இடைக்கிடை இரத்தக் கோடு. நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டால் கரகரவென்ற சத்தம். எல்லாவற்றுக்கும் மேலாக அசதி; நோயாளிகள் பலருக்கு இருமலைவிட இதுதான் பெரிய முறைப்பாடு. தூங்கி எழுந்தாலும் தீராத, வேலை செய்யாமலே வரும் களைப்பு. வயதானவர் இதைச் சொன்னால் யார் காதில் விழும்? வயசு போனால் அப்படித்தான் என்று முடிந்துவிடும்.

இந்தப் பட்டியலைக் காசநோய்ப் பட்டியலோடு பொருத்தினால் வேறுபாடு காண்பது கடினம். வேறுபாடு வேகத்தில் இருக்கிறது. காசநோய் சில கிழமைகளில், சில மாதங்களில் ஆளை உருக்கும். காய்ச்சலும் வியர்வையும் எடைக்குறைவும் கூடவே முன்னால் வந்து நிற்கும். சூழல் கிருமியின் நோயில் அவை பின்னால் வரும், அல்லது வராமலே இருக்கும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1989இல், முன்பு நுரையீரல் கோளாறு எதுவும் இல்லாத 21 நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் வயதான பெண்கள். விடாத இருமலும் சீழ் கலந்த சளியும் இருந்தன. காய்ச்சலோ எடைக்குறைவோ பெரும்பாலும் இல்லை. காய்ச்சல் இல்லாததால் தொற்றுநோய் என்ற நினைப்பே வைத்தியருக்கு எழுவதில்லை. ஆஸ்துமா, புகை இருமல் என்ற பெயர்களில் மாதங்கள் ஓடிவிடும்.

மலையகத்தில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். விறகடுப்புப் புகை தங்கும் சிறிய அறைகளில் ஆண்டுக்கணக்காகச் சமைத்த பெண்களுக்கு, ஒரு சிகரட்டும் தொடாமலே, புகைபிடிப்போருக்கு வரும் மூச்சடைப்பு நோய் வருவதுண்டு. அதன் இருமலும் இந்த இருமலும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். போதாததற்கு, அப்படிப் பழுதான நுரையீரலில்தான் சூழல் கிருமி குடியேறவும் வாய்ப்பு அதிகம். ஆக, பழைய இருமல்தானே என்று சொல்லக்கூடியவரே அதிகம் கவனிக்க வேண்டியவரும் ஆகிறார். நீண்டகாலப் பழைய இருமலின் தன்மை மாறினால், சளி கூடினால், நிறம் மாறினால், இரத்தம் தெரிந்தால், வழக்கமான மருந்துக்குக் கேட்காவிட்டால் அது புதுச் செய்தி.

நுரையீரலைப் படமெடுத்தால் இந்த நோய் பொதுவாக இரண்டு உருவத்தில் தெரியும். ஒன்று, மேற்பகுதியில் குழிவு விழுந்த உருவம். முன்பு காசநோய் வந்து வடு நிற்பவர்கள், நீண்டநாள் புகைபிடித்தவர்களிடம், அதிலும் ஆண்களிடம், கூடுதலாகக் காணப்படும். எக்ஸ்ரேயில் இதையும் காசநோயையும் பிரித்தறிவது அனுபவசாலிகளுக்கே சிரமம். வேகமாகக் கெடுவதும் இதுதான். மற்றது, நுரையீரலின் நடுமடலிலும் அதற்கு இடப்புறத்தில் நிகரான நாக்குப் பகுதியிலும் மூச்சுக்குழாய்கள் அகன்றுபோய், சுற்றிலும் சிறு முடிச்சுகள் தெரியும் உருவம். இது சாதாரண எக்ஸ்ரேயில் நழுவிவிடும். சிடி ஸ்கேன் வேண்டும்.

இரண்டாவது உருவத்துக்கு ஒரு வேடிக்கையான பெயர் உண்டு. 1992இல் ரைக், ஜோன்சன் என்ற இரு வைத்தியர்கள் ஆறு மூதாட்டிகளிடம் இந்த அமைப்பைக் கண்டு, 'லேடி வின்டர்மியர்' என்று பெயரிட்டார்கள். நாகரிகம் கருதி இருமலை அடக்கிக்கொள்வதால் சளி தேங்கித் தொற்று வருகிறது என்பது அவர்கள் ஊகம். அதற்காக ஒஸ்கார் வைல்டின் நாடகத் தலைவியைத் துணைக்கழைத்தார்கள். அந்த நாடகத்தில் அவள் இளம்பெண், நோயாளியும் அல்ல. பெயர் ஒட்டிக்கொண்டது, ஊகம் நிற்கவில்லை. பெண்களின் பண்பின்மேல் பழிபோடும் விளக்கம் மருத்துவத்துக்குப் புதிதல்ல என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். பிறகு 2008இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தினர் 63 நோயாளிகளை அளந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. 100க்கு 95 பேர் பெண்கள். பாதிப்பேருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. சிலருக்கு நெஞ்செலும்பு உட்குழிந்திருந்தது. ஒல்லியான, உயரமான உடல்வாகு. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரிடம் சளியின் இளக்கத்தைப் பாதிக்கும் ஒரு மரபணுவில் மாற்றம் இருந்தது. நாணத்தால் வந்த வினை அல்ல. உடலின் கட்டமைப்பிலேயே ஏதோ இருக்கிறது. நோர்வூட்டின் நம் அம்மாவை ஒடிசலானவர் என்று நான் சொன்னது அதனால்தான்.

இந்தக் கிருமிகள் எங்கும் இருக்கின்றன என்றால், எல்லோருக்கும் ஏன் நோய் வருவதில்லை? இதற்கு நமக்கு மிகப் பக்கத்திலிருந்தே சான்று இருக்கிறது. தமிழ்நாட்டில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில், 1968இல் பிசிஜி தடுப்பூசியின் மிகப்பெரிய சோதனை தொடங்கியது. சுமார் 2,80,000 பேருக்குத் தடுப்பூசியோ அதைப்போன்ற வெற்று ஊசியோ போடப்பட்டது. பிரித்தானியாவில் 1950களில் நடந்த சோதனையில் பிசிஜி நல்ல பாதுகாப்புக் கொடுத்திருந்ததால் இங்கும் அப்படியே வரும் என்று எதிர்பார்த்தார்கள். 1979இல் முதல் முடிவு வந்தபோது உலகமே திகைத்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பயன் எதுவும் தெரியவில்லை. (குழந்தைகளுக்கு மூளையுறையிலும் உடல் முழுவதும் பரவும் கடுமையான காசநோயை அது தடுக்கிறது, ஆகவே பிறந்தவுடன் போடும் ஊசியை யாரும் தவிர்க்க வேண்டாம்.)

ஏன் இப்படி? முன்வைத்த விளக்கங்களில் முக்கியமானது சூழல் கிருமிகளைச் சுட்டியது. அப்பகுதி மக்களின் தோலில் காசக்கிருமிச் சாற்றோடு, சூழல் கிருமி ஒன்றின் சாற்றையும் ஊசியால் ஏற்றிப் பார்த்திருந்தார்கள். இளமை தாண்டுவதற்குள் பெரும்பாலானோரின் தோல் இரண்டாவது சாற்றுக்குத் தடித்தது. அதாவது அவர்களுடைய உடல், தடுப்பூசி வருமுன்பே மண்ணிலும் நீரிலும் இருந்த உறவுக் கிருமிகளைச் சந்தித்துப் பழகிவிட்டது. ஏற்கெனவே பழகிய உடலுக்கு பிசிஜி புதிதாக எதையும் கற்பிக்க இடமில்லை என்பது ஒரு வாதம். பிசிஜி பெருகுமுன்பே பழகிய உடல் அதைக் கொன்றுவிடுகிறது என்பது இன்னொன்று. வாதம் இன்னும் தீரவில்லை.

நம் கதைக்கு அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பரமசிவனும் குழுவினரும் அதே பகுதி மக்களின் சளியை வளர்த்துப் பார்த்து 1985இல் எழுதினார்கள்: 8.6 சதவீதத்தில் சூழல் மைக்கோபாக்டீரியா. அதிகம் கிடைத்தது ஏவியம், இன்ட்ராசெல்லுலாரே என்ற இரட்டைக் கூட்டம். பிற்பாடு 1994இல் அதே ஊர்களின் மண்ணிலும் தண்ணீரிலும் இக்குடும்பத்துக் கிருமிகளைத் தேடி எடுத்துக் காட்டினார்கள். 100 சளியில் எட்டு ஒன்பது சளியில் கிருமி. ஆனால் அத்தனைபேருக்கும் இந்த நுரையீரல் நோய் என்று எவரும் சொல்லவில்லை. மூச்சோடு வந்து, தொண்டையில் தங்கி, போய்விட்ட விருந்தாளியும் சளியில் அகப்படும். காசக்கிருமி சளியில் ஒருமுறை வளர்ந்தாலே அது நோய்தான். இந்தக் குடும்பத்தின் மற்ற இனங்களுக்கு அந்தச் சட்டம் செல்லாது.

எனவேதான் இந்த நோயை உறுதிசெய்ய மூன்று சாட்சிகளை ஒன்றாகக் கேட்கிறார்கள். உடலில் அறிகுறி இருக்க வேண்டும். படத்தில் குழிவோ முடிச்சோ அகன்ற குழாயோ தெரிய வேண்டும். கிருமி ஒருமுறை அல்ல, வெவ்வேறு நாளில் எடுத்த குறைந்தது இரண்டு சளியில் வளர வேண்டும், இரண்டிலும் ஒரே இனமாக. சளியே வராதவருக்கு, குழாய் விட்டு நுரையீரலைக் கழுவியெடுத்த நீரில் ஒருமுறை வளர்ந்தால் போதும். இவற்றோடு, வேறு நோய் எதுவும் இல்லை என்றும் விலக்கியிருக்க வேண்டும். அமெரிக்க நெஞ்சக வைத்தியர் சங்கம் 2007இல் வகுத்து, 2020இல் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து புதுப்பித்த இந்த அளவுகோலைத்தான் பொதுவாக எங்கும் பின்பற்றுகிறார்கள்.

சளி கொடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. காலையில் எழுந்து குழாய்த் தண்ணீரில் நன்றாக வாய் கொப்பளித்துவிட்டுத் துப்பினால், அந்தத் தண்ணீரிலிருந்த கிருமியே போத்தலுக்குள் போய்ச் சேரலாம். குளோரின் இவற்றுக்குப் பெரிய பொருட்டல்ல. மெழுகு உறை காத்துவிடும். கொலராடோ ஆய்வாளர்கள் 2009இல் அமெரிக்காவின் ஒன்பது நகரங்களில் 45 ஷவர் தலைகளைச் சுரண்டிப் பார்த்தபோது, பலவற்றின் உள்ளே படிந்த வழுவழுப்பில் ஏவியம் கிருமி, வரும் தண்ணீரிலிருந்ததைவிட 100 மடங்குக்கும் மேல் செறிந்திருந்தது. மலைப்பீலியில் குளிப்பவருக்கு ஷவர் இல்லை. ஆனால் மண் உண்டு. தேயிலைக்குப் பிடித்தது புளிப்பு மண், அமிலமானி அளவில் 4.5 முதல் 5.5 வரை. ஏவியம் கூட்டமும் அமிலத்தை விரும்பும்; தென்கிழக்கு அமெரிக்காவின் கறுத்த சதுப்பு நீரில் அது செழிப்பதை 1992இல் காட்டியிருக்கிறார்கள். இதைக் கேட்டுத் தேயிலை மலைக்குப் போகவே பயப்படத் தேவையில்லை. திருவள்ளூர் சொன்னதை மறக்க வேண்டாம்: கிருமியைச் சந்திப்பது எல்லோருக்கும் நடப்பது, நோயாவது சிலருக்கு.

வளர்த்துப் பார்க்கும் வேலை தோட்டத்து டிஸ்பென்சரியில் நடக்காது. வளர்ப்புச் சோதனைக்கென வெலிசறையில் தேசிய காசநோய் ஆய்வுகூடம் இருக்கிறது. காசக்கிருமி திட ஊடகத்தில் வளர மூன்று முதல் எட்டு வாரம் எடுக்கும். சூழல் கிருமிகளில் அப்செஸஸ் போன்ற விரைவாக வளரும் இனங்கள் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். வளர்ந்ததைக் காசக்கிருமி சுரக்கும் ஒரு புரதத்துக்கான பட்டிச் சோதனையில் தொட்டுப் பார்த்தால் கால் மணி நேரத்தில் அதுவா, இல்லையா என்று தெரியும். அது இல்லையென்றால் எந்த இனம் என்று மரபணுவைக் கொண்டு அறிய வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் மருந்து எழுதுவது இருட்டில் கல்லெறிவது.

ஏனென்றால் மிக மோசமான பொறி இங்கேதான் இருக்கிறது. சிவப்புக் கோல்களைப் பார்த்ததும் காசநோய் மருந்து தொடங்கிவிட்டால், அதிலுள்ள நான்கில் ஐசோனியாசிட்டும் பைரசினமைட்டும் ஏவியம் கூட்டத்திடம் ஏறத்தாழ வேலை செய்யாது. ரிஃபாம்பிசினும் எதாம்பியூட்டோலும் ஓரளவு கேட்கும். ஆகவே நோயாளி கொஞ்சம் தேறுவார். இருமல் குறையும், வீட்டார் நிம்மதியடைவார்கள். பிறகு நின்றுவிடும், அல்லது திரும்பும். ஆறு மாதம் முடிந்தும் சளியில் கோல்கள். மாத்திரையை ஒழுங்காக விழுங்கவில்லை என்று அந்த அம்மாவைக் கடிவார்கள். மருந்துக்கு அடங்காத காசநோய் என்று இன்னும் கடுமையான மருந்துக்குப் போவார்கள். இலங்கையில் ஆண்டுக்கு 8,000க்கும் மேற்பட்டோருக்குக் காசநோய் கண்டறியப்படுகிறது. அந்த நிலையில் முதலில் காசநோயை நினைப்பது தவறே அல்ல. அதை விட்டுவிட்டு அபூர்வத்தைத் தேடுவதுதான் ஆபத்து. மருந்துக்குக் கேட்காத காசநோயைக் கண்டால், அது காசநோய்தானா என்று மறுபடி கேட்பதே வேண்டியது.

இன்னொரு வேறுபாடு லயத்து வாழ்க்கைக்கு நேரடியாகப் பொருந்தும். காசநோய் என்றால் தட்டும் டம்ளரும் தனியாகும். பேரப்பிள்ளை மடியில் ஏறாது. சூழல் கிருமி ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதாகக் கருதப்படுவதில்லை. மேலை நாடுகளில் சளி இறுகும் பிறவி நோயுள்ளவர்களின் சிகிச்சை நிலையங்களில் அப்செஸஸ் இனம் பரவியதாகச் சந்தேகிக்கப்பட்டது மட்டும் விதிவிலக்கு. ஆனால் காசநோய் இல்லை என்று உறுதியாகும்வரை இருமலை மூடிக்கொள்வதும் ஜன்னலைத் திறந்து வைப்பதும் தேவை.

நோய் உறுதியானால் சிகிச்சை நீளமானது. ஏவியம் கூட்டத்துக்கு வழக்கமாக அசித்ரோமைசின், எதாம்பியூட்டோல், ரிஃபாம்பிசின் மூன்றும் சேர்த்து. அசித்ரோமைசினை மட்டும் இருமலுக்கென்று பார்மசியில் வாங்கி அடிக்கடி விழுங்குவது கெடுதி. கிருமி அதற்குப் பழகிவிட்டால் முதன்மையான ஆயுதமே கைவிட்டுப்போகும். எதாம்பியூட்டோல் கண்ணின் நிறப்பார்வையைப் பாதிக்கக்கூடும் என்பதால் சிவப்பும் பச்சையும் மங்கினால் உடனே சொல்ல வேண்டும். அப்செஸஸ் இனத்துக்கு இந்த மாத்திரைகள் போதாது. கிழமைக்கணக்கில் நரம்பூசி தேவைப்படும். மாறாக கன்சாசி என்ற இனம், ஜீன்எக்ஸ்பர்ட்டில் காசக்கிருமி இல்லை என்றே வந்தாலும், காசநோய் மருந்துகள் பலவற்றுக்கு நன்றாக அடங்கும். இனத்தின் பெயர் தெரியவேண்டும் என்பது இதற்காகவும்தான்.

எத்தனை மாதம் விழுங்க வேண்டும்? காசநோய்க்குப்போல முதல் மாத்திரையிலிருந்து எண்ணுவதில்லை. சளியில் கிருமி வளராத முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கி, அதன்பிறகு இன்னும் 12 மாதம். அதனால் மருந்து நடக்கும் காலம் முழுவதும் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த அம்மா மறுபடி சளி கொடுக்கப் போக வேண்டியிருக்கும்.